டியூப்லைட் தடையும் மல்யுத்த மேடையும்: ஜப்பானின் 'இண்டி' இரவு எப்படி இயங்குகிறது?

2023 நவம்பரில் ஜெனீவாவில், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் கூடி ஒரு முடிவெடுத்தன. வீடு, அலுவலகம், கடை என்று எங்கும் எரியும் டியூப்லைட்டுகளைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் 2027 முடிவுக்குள் படிப்படியாக நிறுத்தப்பட வேண்டும். டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது, அது மண்ணிலும் நீரிலும் கலக்கக்கூடாது என்பதுதான் காரணம். ஜப்பானிலும் எல்லோரும் எல்இடிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மல்யுத்த ரசிகர்களுக்கு இந்தச் செய்தி இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறது. டியூப்லைட், முள்கம்பி போன்றவற்றை ஆயுதமாக வைத்து மோதும் 'டெத்மேட்ச்' இனி என்ன ஆகும்?

டியூப்லைட்டுக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்புவது இயல்பு. ஜப்பானில் இரண்டு பேர் ஒருவரையொருவர் டியூப்லைட்டால் அடித்துக்கொள்ளும் சில நொடிக் காட்சிகள் அடிக்கடி நம் கைப்பேசிக்கு வருகின்றன. ரத்தம், வெள்ளைப் புகை, கைதட்டல், அவ்வளவோடு முடிந்துவிடும். பார்ப்பவர்களில் பாதிப்பேர் "பைத்தியக்காரத்தனம்" என்கிறார்கள், மீதிப்பேர் "எல்லாம் நடிப்பு" என்கிறார்கள். இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. அந்த நொடிகள் இரண்டு, இரண்டரை மணி நேரம் நடக்கும் ஒரு முழு மாலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. அந்த மாலை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியாமல் அந்தக் காட்சியை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய இண்டி மல்யுத்தத்தில், அதாவது சிறு நிறுவனங்கள் நடத்தும் மல்யுத்தத்தில், நமக்கு விசித்திரமாகத் தெரிவதில் பெரும்பகுதிக்கு வேர் ஒன்றுதான்: அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் கிடையாது. அன்று மாலை டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்தான் அவர்களுக்கு எல்லாம்.

யார் 'இண்டி'?

ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தமும் தொலைக்காட்சியும் சேர்ந்தே வளர்ந்தவை. அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1953இல். அடுத்த வருடமே, 1954 பிப்ரவரியில், மல்யுத்த வீரர் ரிகிடோசன் அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களோடு மோதினார். வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாத காலம் அது. தெருமுனைகளில் வைத்திருந்த பொதுத் தொலைக்காட்சிகளின் முன்னால் மக்கள் மொய்த்தார்கள். 1963இல் கத்திக்குத்துக் காயத்தால் ரிகிடோசன் இறந்த பிறகு, அவருடைய சீடர்கள் இருவர் 1972இல் ஆளுக்கொரு நிறுவனம் தொடங்கினார்கள். அன்டோனியோ இனோக்கி தொடங்கியது நியூ ஜப்பான், ஜயன்ட் பாபா தொடங்கியது ஆல் ஜப்பான். இரண்டுக்கும் பெரிய தொலைக்காட்சி நிலையங்களின் ஆதரவு இருந்தது. அந்த ஆதரவு கைவிட்டுப்போன இன்னொரு நிறுவனமான கொக்குசாய் புரோரெசு 1981இல் மூடப்பட்டது.

எது 'மேஜர்', எது 'இண்டி' என்பதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. நடைமுறையில் தொலைக்காட்சி ஒப்பந்தத்தோடு பெரிய அரங்குகளில் நடத்துபவர்கள் மேஜர். அது இல்லாமல் சின்னக் கூடங்களையும் ஊர் உடற்பயிற்சி அரங்குகளையும் வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று, அதிலேயே வாழ்பவர்கள் இண்டி.

1989 அக்டோபர் வரை, தொலைக்காட்சி இல்லாமல் ஒரு மல்யுத்த நிறுவனம் பிழைக்க முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. அந்த மாதம் அட்சுஷி ஓனிட்டா 'எஃப்எம்டபிள்யூ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆல் ஜப்பானில் பாபாவின் அணுக்க உதவியாளராக வளர்ந்தவர், முழங்கால் நொறுங்கி, ஏற்கெனவே ஒருமுறை ஓய்வு அறிவித்தவர். வெறும் 50,000 யென்னோடு தொடங்கினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் வெற்றி பெற்றதும் கதவு திறந்துகொண்டது. 1995 ஏப்ரல் 2 அன்று ஒரு மல்யுத்த வார இதழ் டோக்கியோ டோமில் விழா நடத்தியபோது, நிறுவனத்துக்கு ஒரு போட்டி என்று 13 நிறுவனங்கள் வந்து நின்றன. பத்து வருடங்களுக்கு முன்னால் அத்தனை பேரைத் திரட்டியிருக்கவே முடியாது.

உண்மையா, நடிப்பா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

1. முடிவு. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது.

2. ஒத்துழைப்பு. ஒருவர் தூக்க, இன்னொருவர் தூக்கப்படுவதற்கு இடம் கொடுக்கிறார். எதிராளியின் உடலைக் காப்பாற்றுவது ஒவ்வொருவரின் முதல் கடமை.

3. உடல். விழுவது உண்மை. பலகை மேல் மெல்லிய விரிப்பும் அதன்மேல் கித்தான் துணியும் போட்ட தரையில்தான் முதுகு விழுகிறது. அதற்காகவே 'உகெமி' என்னும் விழும் கலையைப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகு பரவலாகத் தரையில் பட, கைகளால் அறைந்து அதிர்ச்சியைப் பிரித்துவிட வேண்டும். இதில் தேறாதவர்கள் மேடை ஏறுவதில்லை.

ஆக, கதை புனைவு, வலி உண்மை. டெத்மேட்ச்சிலும் இதேதான். யார் எந்த நேரத்தில் டியூப்லைட் மேல் விழுவார் என்பது ஓரளவு திட்டமிட்டது. கண்ணாடி தோலைக் கிழிப்பதைத் திட்டமிட முடியாது.

கூடம்

டோக்கியோவில் சுயிடோபாஷி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டோக்கியோ டோமை ஒட்டிய ஒரு கட்டடத்தின் 5ஆவது மாடியில் இருக்கிறது கொராக்குயென் ஹால். 1962இல் திறந்தது. குத்துச்சண்டைக்கும் மல்யுத்தத்துக்கும் அதுதான் அந்நாட்டின் புனித இடம் என்பார்கள். சுமார் 2,000 பேர்தான் கொள்ளும். மாடிப்படிச் சுவர்கள் முழுக்கப் பல தலைமுறை ரசிகர்களின் கிறுக்கல்கள். உள்ளே போனால் மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நெஞ்சில் அறையும் சத்தம் காதில் விழும்.

இண்டி நிறுவனங்களுக்கு இந்த ஹாலை நிரப்புவது ஒரு தேர்வு மாதிரி. அதற்கும் கீழே ஷின்கிபா 1ஸ்ட் ரிங் போல 300 பேர் அளவில் கொள்ளும் கூடங்கள் இருக்கின்றன. மேஜர் நிறுவனங்களும் கொராக்குயெனில் நடத்துகின்றன, ஆனால் அவர்களுக்கு அது பல அரங்குகளில் ஒன்று. இண்டிக்கு அதுதான் உச்சி, அல்லது உச்சிக்குப் பக்கம்.

சின்னக் கூடம் என்பது வெறும் வசதிக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த நெருக்கத்தை வைத்துத்தான் மொத்த மாலையையும் கட்டுகிறார்கள். 1992இல் மிட்சுஹிரோ மட்சுனாகா என்ற வீரர் இதே ஹாலின் மாடத்திலிருந்து கீழே நின்றவர்கள் மேல் குதித்தார். பெரிய அரங்கில் அது ஒரு புள்ளி குதிப்பதாகத் தெரிந்திருக்கும். இங்கே, பார்ப்பவரின் தலைக்கு மேலிருந்து ஓர் ஆள் விழுகிறார். முப்பது வருடம் கழித்தும் அதைப் பேசுகிறார்கள்.

ஒரு மாலையின் அடுக்கு

வார நாள் என்றால் பெரும்பாலும் மாலை 6:30க்குத் தொடங்கும். ஆறு முதல் எட்டுப் போட்டிகள். கச்சேரியில் வர்ணம் முன்னால் வருவதற்கும் பிரதான உருப்படி பின்னால் வருவதற்கும் காரணம் இருப்பதைப் போல, இங்கேயும் வரிசைக்குக் காரணம் உண்டு. எல்லா நிறுவனமும் அப்படியே செய்வதில்லை என்றாலும் பொதுவான அமைப்பு இதுதான்.

1. புதியவர்கள். கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ், அலங்காரம் எதுவும் கிடையாது. அறைவது, தூக்கிப் போடுவது, குப்புறக் கிடத்திக் காலை வளைப்பது என்று நாலைந்து அடிப்படை உத்திகளுக்குமேல் போக மாட்டார்கள். திறமை இல்லாததால் அல்ல. முதல் போட்டியிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டால் கடைசிப் போட்டிக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. அடக்கி வாசிப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

2. சிரிப்பு. மூவர் அல்லது நால்வர் அணிகள், வயதான வீரர்கள், கோமாளித்தனம். கூடத்தில் இறுக்கம் தளர்ந்து, பார்வையாளர்கள் குரல் கொடுக்கப் பழகுவது இங்கேதான்.

3. விருந்தினர். வேறு நிறுவனத்து வீரர்கள், எந்த நிறுவனத்திலும் சேராத 'ஃப்ரீ' வீரர்கள், பல சமயம் பெண்கள். இண்டி நிறுவனங்களில் ஆள்பலம் குறைவு, ஒரு மாலையை முழுக்கத் தங்கள் ஆட்களாலேயே நிரப்ப முடியாது. அதனால் ஒருவருக்கொருவர் ஆள் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். ஒரே வீரரை ஒரு வாரத்தில் மூன்று வெவ்வேறு கூடங்களில் பார்க்க முடிவது இதனால்தான்.

4. இடைவேளை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் பணம் இங்கேதான் இருக்கிறது.

5. 'செமி ஃபைனல்'. அட்டவணையைப் பார்க்கும் புதியவர்களைத் தவறாமல் குழப்பும் பெயர். தொடர்போட்டியின் அரையிறுதி என்று நினைத்துவிடக்கூடாது. கடைசிக்கு முந்தைய போட்டிக்கு அங்கே அப்படித்தான் பெயர்.

6. 'மெயின்'. பட்டத்துக்கான போட்டியாக இருக்கலாம், டெத்மேட்ச்சாக இருக்கலாம். அது முடிந்ததும் ஜெயித்தவர் ஒலிவாங்கியைப் பிடித்து அடுத்த எதிராளியை, அடுத்த தேதியை, அடுத்த கூடத்தை அறிவிப்பார். அடுத்த டிக்கெட்டுக்கான விற்பனை அந்தப் பேச்சிலேயே தொடங்கிவிடும்.

டெத்மேட்ச் ஏன் பெரும்பாலும் கடைசியிலோ இடைவேளைக்கு முன்னாலோ வருகிறது என்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. கண்ணாடியைப் பெருக்க வேண்டும். 'செகண்ட்' என்று அழைக்கப்படும் இளைய வீரர்கள் பயிற்சி உடையில் மேடையைச் சுற்றி நிற்பார்கள். போட்டி நடக்கும்போது உடைந்த துண்டுகளை ஓரம் தள்ளுவது, முடிந்ததும் துடைப்பத்தோடு ஏறிக் கூட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. சற்று முன் முதல் போட்டியில் தோற்றுப்போன பையன்தான் இப்போது குனிந்து சில்லு பொறுக்கிக்கொண்டிருப்பான்.

பெரிய போட்டிகளில் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். அறிவிப்பாளர் வீரரின் பெயரைச் சொல்லி முடிக்கும் நொடியில் நாலா பக்கத்திலிருந்தும் வண்ணக் காகிதச் சுருள்கள் பறந்து வந்து மேடையை மூடும். அந்த வீரருக்குரிய நிறத்தில், ரசிகர்கள் வாங்கி வந்தவை அவை. யாருக்கும் அடிபடக்கூடாது என்று நடுவில் உள்ள அட்டைக் குழலை முன்கூட்டியே உருவிவிட்டுத்தான் எறிவார்கள். செகண்டுகள் அரை நிமிடத்துக்குள் அத்தனையையும் வாரி எடுத்துவிடுவார்கள். மணி அடிக்கும். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் கடந்தது என்று அறிவிப்பாளர் குரல் கொடுப்பார். முடிவு பதிவாகும்போது வெற்றியோடு நிமிடமும் நொடியும், எந்தப் பிடியில் முடிந்தது என்பதும் சேர்ந்தே பதிவாகும். முடிவு பேசி வைத்த ஒன்றாக இருந்தும், விளையாட்டுக்குரிய ஒழுங்கை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுகிறார்கள். எனக்கு இந்த மல்யுத்தத்தில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

இடைவேளையில் நடக்கும் வியாபாரம்

டிக்கெட் பணத்தில் கூட வாடகை, மேடையை ஏற்றிவரும் வண்டிச் செலவு, விருந்தினர் ஊதியம் எல்லாம் போனபின் மிஞ்சுவது அதிகமில்லை. அதனால் இடைவேளையிலும் நிகழ்ச்சி முடிந்தபிறகும் வீரர்களே மேசை போட்டு உட்கார்கிறார்கள். பனியன், துண்டு, கையெழுத்திட்ட புகைப்படம், கூட நின்று படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம். சற்று முன் வில்லனாக வந்து எல்லோரையும் திட்டியவர், இங்கே இரண்டு கைகளாலும் சில்லறை கொடுத்து நன்றி சொல்வார். தொடர்ந்து வரும் ரசிகரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. தொலைக்காட்சி நட்சத்திரத்திடம் இது கிடைக்காது. இண்டி ரசிகர் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்காகத்தான்.

தொலைக்காட்சி இல்லாத குறைக்கு நான்கு பதில்கள்

மேஜர் நிறுவனத்தின் போட்டியை வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். அப்படியிருக்க இண்டிக்கு ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது.

1. ஊர். கிரேட் சசுகே 1990களின் தொடக்கத்தில் வடகிழக்கே தோஹொக்கு வட்டாரத்தில் மிச்சினோக்கு புரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டோக்கியோவை நம்பாமல் சிற்றூர்களின் உடற்பயிற்சி அரங்குகளைச் சுற்றிவந்தார். முகமூடி, வேகம், பறக்கும் உத்திகள் அவர்களுடைய அடையாளம். சசுகே அந்த வட்டாரத்தில் எவ்வளவு வேரூன்றினார் என்றால், 2003இல் இவாத்தே மாகாணப் பேரவைக்குத் தேர்வாகி முகமூடியோடே அவைக்குப் போனார்.

2. சிரிப்பு. சன்ஷிரோ தகாகியின் 'டிடிடி' 1997இல் பிறந்தது. புத்தகக் கடையிலும் முகாம் மைதானத்திலும் மல்யுத்தம் நடத்தினார்கள். எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் யாரும் கைப்பற்றலாம் என்ற ஒரு பட்டத்தை உருவாக்கினார்கள். ஓர் ஏணிகூட அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறது. இதைக் கேலிக்கூத்து என்று ஒதுக்கிவிடக்கூடாது. கோட்டா இபுஷி, கொனொசுகே தகேஷிட்டா போன்ற அபாரமான வீரர்கள் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்தான்.

3. நிஜச் சண்டையின் சாயல். நாடகத்தைக் குறைத்து, உதை, பூட்டு, சரணடைதல் என்று போன 1980களின் யுடபிள்யுஎஃப் நிறுவனத்தின் வழிவந்தவர்கள். 1996இல் யூகி இஷிகாவா தொடங்கிய பேட்டில்ஆர்ட்ஸ் இந்த மரபில் வந்தது.

4. ஆபத்து. தொலைக்காட்சி காட்டத் தயங்குவதை நேரில் காட்டுவது. டியூப்லைட் இந்த வழியில்தான் வருகிறது.

ஓனிட்டாவின் கணக்கு

ஓனிட்டாவின் முழங்கால் போய்விட்டது, பறக்க முடியாது. பெரிய நட்சத்திரங்களை அழைக்கப் பணமும் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். 1981இல் அமெரிக்காவின் டென்னசி வட்டாரத்தில் பணியாற்றியபோது, மேடையை விட்டிறங்கித் தின்பண்டக் கடைக்குள் புகுந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வீசிய ஒரு சண்டையில் அவரும் இருந்தார். கூட்டம் எதற்கு எழுந்து நிற்கும் என்பதை அங்கே பார்த்தவர். இன்னொன்று, அழத் தெரியும். தோற்றாலும் ஜெயித்தாலும் கண்ணீரோடு ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தையும் அழவைப்பார்.

1990 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோவின் ஷியோடொமேயில் அவர் டார்சான் கோட்டோவோடு மோதினார். முன்பு சரக்கு ரயில் முனையமாக இருந்து, மூடப்பட்டுக் காலியாகக் கிடந்த இடம் அது. மேடையின் கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டி, அதில் வெடிகளை இணைத்திருந்தார்கள். உடல் கம்பியில் மோதினால் வெடிக்கும். அந்த வருடத்தின் சிறந்த போட்டி என்ற விருதை டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழ் இதற்குக் கொடுத்தது. சிறந்த வீரர் விருதும் ஓனிட்டாவுக்கே போனது. தொலைக்காட்சி இல்லாத ஒரு சிறு நிறுவனம், மேஜர்களை ஓரங்கட்டி இரண்டையும் வாங்கியது.

1993 மே 5, கவாசாகி பேஸ்பால் அரங்கம். சொந்த அணி வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த மைதானம் மேடைபோடக் கிடைத்தது. எதிராளி டெக்சஸைச் சேர்ந்த டெர்ரி ஃபங்க், வயது 48, ஓனிட்டாவின் இளமைக்காலத்தில் ஆல் ஜப்பானின் பெரிய நட்சத்திரம். இம்முறை வெடிக்கும் முள்கம்பியோடு ஒரு விதி சேர்ந்திருந்தது: குறித்த நேரம் கடந்ததும் மேடையே வெடிக்கும். ஓனிட்டா ஃபங்கை வீழ்த்தி ஜெயித்துவிட்டார், அப்படியே இறங்கிப்போகலாம். நேரம் ஓடுகிறது, சங்கு ஊதுகிறது, ஃபங்க் எழுந்திருக்கவில்லை. ஓனிட்டா அவரை உலுக்கிப் பார்க்கிறார், இழுத்துப் பார்க்கிறார், முடியவில்லை. கடைசியில் அவர்மேல் கவிழ்ந்து படுத்துத் தன் உடலால் மூடிக்கொள்கிறார். வெடிக்கிறது.

டெத்மேட்ச் என்றால் வெறும் ரத்தவெறி என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரவைத்தான். வெடிகுண்டு இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது குண்டு அல்ல, அவர் கவிழ்ந்து மூடியதுதான். 2021 மார்ச்சில் அமெரிக்க நிறுவனமான ஏஇடபிள்யூ இதே பாணியில் ஒரு போட்டி நடத்தியது. இறுதி வெடி புஸ்ஸென்று போய், இணையம் முழுக்கச் சிரித்தது. விழுந்து கிடந்த ஜான் மாக்ஸ்லியின் மேல் எடி கிங்ஸ்டன் ஓடிவந்து கவிழ்ந்து படுத்தது ஏன் என்று அப்போது பலருக்குப் புரியவில்லை. அது 1993க்கான வணக்கம்.

ஏன் டியூப்லைட்?

வெடிக்குத் திறந்தவெளி வேண்டும், தொழில்நுட்ப ஆட்கள் வேண்டும், செலவு அதிகம். வாராவாரம் செய்ய முடியாது. 1995இல் ஷின்யா கொஜிகாவும் கெண்டோ நாகசாகியும் தொடங்கிய பிக் ஜப்பான் நிறுவனம், கூரையுள்ள சின்னக் கூடத்துக்குப் பொருந்தும் ஆபத்தைத் தேடியது. முள்கம்பி, ஆணிப்பலகை, கள்ளி, ஒருமுறை பிரானா மீன் தொட்டிகூட வந்தது. இவற்றில் நிலைத்துப்போனது டியூப்லைட். அதற்குக் காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

1. சத்தம். குழாய்க்குள் ஆர்கான் வாயுவும் பாதரச ஆவியும் மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கின்றன. கண்ணாடி உடைந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைப் போல் கலகலவென்று விழாமல் 'டப்' என்று வெடிக்கிறது. கடைசி வரிசை வரை கேட்கும்.

2. புகை. உட்சுவரில் பூசிய ஒளிரும் வெள்ளைப் பொடி உடைந்ததும் மேலே எழும்பி, மேடை விளக்கில் மேகமாகத் தெரியும்.

3. மெல்லிய கண்ணாடி. ஓர் அடியிலேயே நொறுங்கிவிடுவதால் கட்டையால் அடிப்பதுபோல் எலும்புக்குப் போகாது. தோல் கிழியும், ரத்தம் வரும், ஆனால் பெரும்பாலும் தொடர்ந்து மோத முடியும்.

4. எண்ணிக்கை. மலிவாகக் கிடைப்பதால் கட்டுக் கட்டாகக் கயிறுகளில் ஒட்டி வைக்கலாம். '200 டியூப்லைட் டெத்மேட்ச்' என்று போட்டியின் பெயரிலேயே எண் வந்துவிடும். எத்தனை உடைந்தது, எத்தனை மிச்சம் என்று பார்ப்பவரே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அருகிலிருப்பவருக்கு ஆபத்தாகவும் தூரத்திலிருப்பவருக்குத் தெளிவாகவும் இருக்கும் ஒரு பொருள், அதுவும் கடையில் கிடைப்பது. அதனால்தான் அது இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கலையின் மையக் கருவியாக நின்றது. 2009 நவம்பர் 20 அன்று கொராக்குயென் ஹாலில் ஜுன் கசாயும் ரியூஜி இட்டோவும் சவரக்கத்தி பதித்த பலகையும் டியூப்லைட்டும் வைத்து மோதினார்கள். டோக்கியோ ஸ்போர்ட்ஸின் அந்த ஆண்டுச் சிறந்த போட்டி விருது அதற்குக் கிடைத்தது. 1990இல் கிடைத்ததை விதிவிலக்கு என்று தள்ளியிருக்கலாம், இதை அப்படித் தள்ள முடியாது.

தடை எதைத் தடுக்கிறது?

ஒப்பந்தம் நிறுத்தச் சொல்வது தயாரிப்பையும் எல்லை தாண்டிய வணிகத்தையும்தான். கையிருப்பில் உள்ளதை விற்பதும் பயன்படுத்துவதும் அதன்படி குற்றமல்ல. பானாசோனிக் தன் டியூப்லைட் உற்பத்தியை 2027 செப்டம்பர் இறுதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறது. ஆக, 2028 பிறந்த மறுநாளே டியூப்லைட் டெத்மேட்ச் மறைந்துவிடாது. கையிருப்பு குறையும், விலை ஏறும், 200 குழாய் உடைப்பது கட்டுப்படியாகாது. எல்இடி குழாய் மாற்றாகாது. அதற்குள் தாழ்ந்த அழுத்தம் இல்லை, பல வகைகளில் உறையே பிளாஸ்டிக். வளையுமே தவிர வெடிக்காது.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடை சரியான தடை. மினமாட்டா என்பது ஜப்பானின் குமமோட்டோ மாகாணத்தில் ஒரு தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசத்தால் மக்கள் நரம்பு நோயில் துடித்துச் செத்த ஊர். ஒரு குழாயில் சில மில்லிகிராம் பாதரசம்தான் என்றாலும், மூடிய கூடத்தில் நூற்றுக்கணக்கில் உடைக்கும்போது அந்த ஆவியை மூச்சில் இழுப்பவர்கள் வீரர்கள் மட்டுமல்ல. துடைப்பத்தோடு நிற்கும் பையன்களும் இருக்கிறார்கள், முன்வரிசையும் இருக்கிறது. இந்தக் கலையை நேசிப்பவர்கள் இதைக் கண்டும் காணாமல் விடக்கூடாது.

உண்மையான ஆபத்து எங்கே?

ரத்தம் நம் கண்ணை இழுத்துக்கொள்கிறது. அதனால் எது ஆபத்து என்று தப்பாகக் கணக்குப் போடுகிறோம். வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட விபத்துகளைப் பார்த்தால் படம் வேறு.

எஃப்எம்டபிள்யூவில் ஓனிட்டாவுக்குப் பின் நட்சத்திரமானவர் முகமூடி வீரர் ஹயபுசா. 1995இல் கவாசாகியில், ஓனிட்டாவின் ஓய்வுப் போட்டியில், வெடிக்கும் கூண்டுக்குள் அவரோடு மோதி வெளியே வந்தவர். 2001 அக்டோபர் 22 அன்று கொராக்குயென் ஹாலில், கயிற்றில் ஏறிப் பின்புறமாகப் பல்டி அடிக்கும் தன் வழக்கமான உத்தியில் கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். கழுத்து போயிற்று. வெடியும் கம்பியும் செய்யாததைக் கயிற்றிலிருந்து வழுக்கிய ஒரு கால் செய்தது. சில மாதங்களில், 2002 பிப்ரவரியில், நிறுவனமும் திவாலானது. ஹயபுசா 2016இல் 47 வயதில் இறந்தார்.

யோஷிஹிரோ தகயாமா மேஜர்களிலும் பெரும்பெயர் எடுத்தவர். 2017 மே 4 அன்று ஒசாகா அருகே தொயொனாகாவில் டிடிடி நிகழ்ச்சியில், எதிராளியின் மேலாக உருண்டு அவரைக் கவிழ்க்கும் ஒரு எளிய உத்தி பிசகியது. கழுத்துக்குக் கீழே உடல் அசைவற்றுப்போனது. அவர் சிகிச்சைக்காக 'தகயாமானியா' என்ற பெயரில் சக வீரர்களும் ரசிகர்களும் நிதி திரட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நிதிதான். ஜப்பானில் குத்துச்சண்டைக்கு உரிமம் வழங்கி, மருத்துவச் சோதனை நடத்தும் ஆணையம் இருக்கிறது. தொழில்முறை மல்யுத்தத்துக்கு அப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஆணையம் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் கவனிப்பு மாறுகிறது. 'ஃப்ரீ' வீரருக்குப் பின்னால் நிறுவனமே இல்லை. டியூப்லைட்டைப் பற்றி எழும் கவலையில் பாதியாவது கழுத்தைப் பற்றியும் எழ வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2027க்குப் பிறகு

தொலைக்காட்சி இல்லாத குறை இப்போது பழைய அளவில் இல்லை. டிடிடியை 2017இல் சைபர்ஏஜென்ட் என்ற இணைய நிறுவனம் வாங்கியது. இண்டி நிகழ்ச்சிகள் பல இன்று இணையத்தில் நேரலையாகப் போகின்றன, டிக்கெட் வாங்காதவரும் காசு கொடுத்துப் பார்க்கிறார். ஆனால் பெரிய முதலாளி கிடைக்காத நிறுவனங்களுக்குக் கூடம்தான் இன்னும் சோறு.

அவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் புதியவை அல்ல. கண்ணாடிப் பலகை, முள்கம்பி, குத்தூசி, ஓனிட்டா இன்றும் தூக்கிக்கொண்டு வரும் வெடிக்கும் மட்டை எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. டியூப்லைட்டோடு அதிகம் பிணைந்த பிக் ஜப்பான் இன்னொரு வழியையும் முன்பே போட்டு வைத்திருக்கிறது. 2012இல் ஆயுதமே இல்லாத 'ஸ்ட்ராங்' பிரிவுக்குத் தனிப் பட்டம் உருவாக்கினார்கள். தைசுகே செகிமொட்டோ, யூஜி ஒகபயாஷி போன்ற பாறை உடம்புக்காரர்கள் வெறுங்கையால் ஒருவர் நெஞ்சில் ஒருவர் அறைந்துகொண்ட பிரிவு அது. டெத்மேட்ச்சும் அதுவும் ஒரே மாலையில், ஒரே மேடையில் அடுத்தடுத்து நடக்கின்றன. இனி அந்த இரண்டில் எதை மெயினாக வைத்தால் கொராக்குயென் நிரம்பும் என்பதைத்தான் அந்த நிறுவனம் ஒவ்வொரு மாதமும் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.